எழுப்பாத தோள்

அந்த அக்காவின் முகத்தைவிட அவளுடைய இடது தோள்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முகத்தைப் பார்த்துப் பேசியது கம்மி, தோளில் தூங்கியது ஜாஸ்தி. மல்லாட்டை மில்லில் தோல் புடைக்கிற வேலை அவளுக்கு. எத்தனை உதறினாலும் அந்தச் சிவப்புத் தூசு ரவிக்கையை விட்டுப் போகாது. மல்லாட்டையை வேர்க்கடலை என்று நாகரிகமாகச் சொல்கிறவர்களுக்கு அந்த வாசனை தெரிந்திருக்க நியாயமில்லை. மண்ணும் எண்ணெயும் வேர்வையும் கலந்த வாசனை. இன்றைக்கும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்தால் எனக்குக் கொட்டாவி வருகிறது. என் மருமகள் சிரிக்கிறாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

பெயர் கேட்டுக்கொள்ளவே இல்லை. வருஷக்கணக்காக ஒரே பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்குள் பெயர் எதற்கு? நான் ‘அக்கா’ என்பேன். நான் வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள் என்பதால் அவள் என்னை ‘டைப்பு’ என்று கூப்பிடுவாள். கண்டக்டர் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘தலகாணி’. “தலகாணி ஏறிடுச்சா? அப்ப போலாம், ரைட்!” என்று விசில் ஊதுவார். அவளுக்குக் கோபமே வராது. “ஆமாடாப்பா, ஒரு நாளைக்கு நீயும் வந்து சாயப் போற” என்பாள்.

எழுபதுகளின் பின்பாதி அது. கல்யாணமாகிக் கீழ்பென்னாத்தூருக்கு வந்த புதிது. திருவண்ணாமலையில் தேரடிப் பக்கம் ஆபீஸ். விடிவதற்குள் எழுந்து, மாமனார் மாமியார் கொழுந்தனார்கள் என்று ஒரு படைக்கே வடித்துக் கொட்டிவிட்டு, பஸ் பிடித்து, பகலெல்லாம் வக்கீல் சொல்லச் சொல்ல மெஷினைத் தட்டிவிட்டு, சாயங்காலம் செஞ்சி பஸ்ஸில் ஏறினால் உடம்பு உடம்பாக இருக்காது. ஒரு நாள் மூன்று பேர் சீட்டில் இடம் கிடைத்தது. ஓரத்தில் இந்த அக்கா. பஸ் ஊரைத் தாண்டியது வரைக்கும்தான் எனக்கு நினைவு.

கண் விழித்தபோது கீழ்பென்னாத்தூர். என் தலை அவள் தோளில் இருந்தது. அவள் ஒரு கையால் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை என் முழங்கைக்கு அணையாகக் கொடுத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

“மன்னிச்சுக்குங்க. நீங்களும் இங்கதான் எறங்கணுமா?”

“இல்லம்மா. எனக்கு சோமாசிபாடி.”

“அது அப்பவே போயிருக்குமே!”

“போச்சு. நீ நல்லா தூங்கிக்கினு இருந்தே.”

அவ்வளவுதான் சொன்னாள். இறங்கி ரோட்டைத் தாண்டிப் போய், எதிர்ப் பக்கத்து பஸ்ஸுக்காக ஒரு புளியமரத்தடியில் நின்றுகொண்டாள். எனக்கு அழுகை வந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் தூங்கினேனா என்று பார்த்த முதல் ஆள் அவள்தான். அதுவும் முன்பின் தெரியாத ஒருத்தி.

என்னை மட்டும் இப்படித் தூங்கவிட்டாள் என்று நினைத்துக் கொஞ்ச நாள் பெருமைப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்தத் தோள் பொதுச்சொத்து. யார் சாய்ந்தாலும் சரி, எழுப்பமாட்டாள். செஞ்சிச் சந்தைக்குப் போகிற கிழவி, பரீட்சைக்குப் படித்துக் களைத்த காலேஜ் பெண், பால் குடித்தபடியே தூங்கிப்போன கைக்குழந்தை, எல்லாரும் ஒன்றுதான் அவளுக்கு. தன் ஊர் வரும், போகும். அவள் அசையமாட்டாள். யாராவது “எறங்கலியா?” என்று கேட்டால், வாய்மேல் விரலை வைத்துத் தலையை மட்டும் ஆட்டுவாள்.

ஒரு தடவை ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரி செஞ்சிக் கோட்டை பார்க்க ஏறினாள். நல்ல உயரம். அந்த உயரத்தை எப்படி மடக்கினாளோ தெரியாது, அக்கா தோளில் தலையை வைத்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள். எச்சில் வடிந்தது. அக்கா தன் முந்தானையால் அதை ஒற்றி எடுத்தாள். விழித்ததும் அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டு என்னவோ சொன்னாள். அவள் இறங்கிப் போன பிறகு அக்கா என்னிடம், “அதுக்கும் நம்ம மாதிரிதான்டி எச்சி வடியுது” என்று பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தவள்போல் சொன்னாள்.

இன்னொரு நாள் ஒரு பாட்டியம்மாள். ஊர் தாண்டி ஊர் தூங்கிவிட்டு எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்காவை மேலும் கீழும் பார்த்து, “நீ எந்தாளுங்கம்மா?” என்று விசாரித்தாள். என்ன ஜாதி என்று அர்த்தம். அக்கா, “இவ்ளோ நேரம் தூங்கினியே ஆயா, அப்ப கேக்கத் தோணலியா?” என்றாள். பஸ்ஸே சிரித்தது. பாட்டியம்மாளும் சிரித்துத்தான் தொலைக்க வேண்டியிருந்தது.

ஏமாளி என்று நினைத்துவிடக் கூடாது. தூங்குகிற சாக்கில் வந்து சாய்கிறவர்கள் எந்த பஸ்ஸில்தான் இல்லை? ஒருவன் அப்படிச் சாய்ந்தான். அக்கா அவன் விலாவில் டிபன் கேரியர் மூலையால் ஓர் இடி இடித்தாள். “அய்யோ” என்று எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டான்.

“அவன் தூங்கலன்னு எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?”

“தூங்கறவன் தலை கனக்கும். நடிக்கறவன் தலை கனக்காது, தானே தூக்கிப் புடிச்சுக்குவான். நெசமா தூங்கறவனும் பஸ்ஸு தூக்கிப் போடறப்பல்லாம் இத்துனூண்டு புடிச்சுக்குவான். எத்தினி தலை பாத்துருக்கேன்.”

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு நன்றாக இருந்திருக்காது. நேரத்துக்கு வீடு வந்து சேராத பெண்பிள்ளையைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று சொல்லவா வேண்டும்? சோமாசிபாடி ஸ்டாப்பிங் டீக்கடையில் அவள் புருஷன் நிற்பார். பஸ் அவளை இறக்காமல் போவதைப் பார்ப்பார். ஒரு நாள் ஜன்னலருகே ஓடிவந்து, “ஏன்டி, ஊட்டுல உலை வைக்க ஆள் இல்ல, நீ ஊரான் தலைக்கு முட்டுக் குடுக்கிறியா?” என்று கத்தினார். நல்ல மனிதர்தான், பசி. அவள் வாய்மேல் விரல் வைத்துக் காட்டினாள். அவரும் அடங்கிவிட்டார். எனக்கே சில நாள் அவள்மேல் எரிச்சல் வரும். இது என்ன தர்மம், தன் வீட்டை விட்டுவிட்டு?

ஒரு நாள் கேட்டும்விட்டேன். “எழுப்பினா என்னக்கா? அவங்க இன்னொரு பக்கம் சாய்ஞ்சு தூங்கப் போறாங்க. பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாதுன்னு சும்மாவா சொன்னாங்க?”

“தூங்கறவங்கள எழுப்பினா அந்த நிமிஷம் அவங்க மூஞ்சியப் பாத்துருக்கியா? கண்ணு தொறக்கும். ஒன்னும் இருக்காது, கொழந்தை மாதிரி இருக்கும். அப்புறம் ஒவ்வொன்னா ஞாபகம் வரும். கடன், நோவு, மாமியாரு, எல்லாம் வரிசையா வந்து மூஞ்சில ஒக்காரும். அத என்னால பாக்க முடியாதுடி. தானா முழிச்சா அது அவங்க பாடு. நான் எழுப்பிவுட்டு அதப் பாக்க மாட்டேன்.”

அவளுடைய மகளுக்கு முதலில் பேசிய இடம் தவறிப்போனது இந்தத் தோளால்தான் என்று சோமாசிபாடியில் சொல்வார்கள். அது பொய்யில்லை. நான் அந்த பஸ்ஸில் இருந்தேன்.

கார்த்திகைக் கடைசி. மலைமேல் தீபம் ஏற்றிச் சில நாட்கள் ஆகியிருந்தன, இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சாயங்காலம் செஞ்சி பஸ் ஊரைவிட்டுக் கிளம்பினால், ஜன்னல் ஓரத்தில் இருப்பவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அன்றைக்கு அக்கா மில்லிலிருந்து சீக்கிரமே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றாள். முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தாள். அந்தக் கோலத்தில் அவளை நான் பார்த்ததே இல்லை. கையில் ஒரு பை. வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், மேலே வாழையிலையில் சுற்றிய பூ.

“பொண்ணுக்குப் பூ வைக்க வர்றாங்கடி இன்னிக்கு. மார்கழி பொறக்கறதுக்குள்ள வச்சிடணும்னு மாப்ள ஊட்டுல அவசரப்படறாங்க. மாப்ள லாரி ஷெட்டுல மெக்கானிக்கு. நல்ல மாதிரி.” மூச்சு விடாமல் பேசினாள். “பனிக்காலமா, மல்லி கெடைக்கல. கனகாம்பரம்தான். தலைய மட்டும் காலைலியே வாரி வுட்டுட்டேன். பூவ நான் வந்துதான் வைப்பேன், வேற யாரையும் வைக்க வுடாதடின்னு சொல்லிட்டு வந்துருக்கேன். இத்தினி வருசம் நான் வச்ச தலைடி அது. இன்னிக்கு வைக்காம இருப்பேனா?”

பஸ் வந்தது. நல்ல கூட்டம். ஆனால் ஒரு மூன்று பேர் சீட்டில் மட்டும் ஓரத்து இடம் காலியாக இருந்தது. ஜன்னல் பக்கம் ஒரு நடுவயசுப் பெண். நடுவில் அவள் புருஷன், எலும்பும் தோலுமாக, கழுத்துவரை போர்வை. வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து செஞ்சிப் பக்கத்து ஊருக்குத் திரும்புகிறார்கள். இனி வீட்டுக்கே கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த மனிதரின் இருமலைக் கேட்டு ஒருவரும் அந்த இடத்தில் உட்காரவில்லை. தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஒரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தலையைத் தாங்கப் பார்த்தாள். முடியவில்லை.

அக்கா பையை என்னிடம் நீட்டினாள். “புடி.” போய் அங்கே உட்கார்ந்தாள்.

பின்னால் ஒருத்தி, “ஆம்பள பக்கத்துல போய் ஒக்காருது பாரு” என்றாள்.

“நோவுல ஆம்பள என்ன, பொம்பள என்ன?” என்று அக்கா திரும்பாமலே சொன்னாள். அந்த மனிதரின் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் இடது தோளில் வைத்துக்கொண்டாள். இருமல் அடங்கியது. அதற்கு முன் சீட்டில் எனக்கு நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பூப்பையை மடியில் வைத்துக்கொண்டேன். பஸ் கிளம்பிற்று.

அந்தப் பெண் புருஷனிடம் பேசிக்கொண்டே வந்தாள். “மலை தெரியுது பாருங்க. தீபம் தெரியுது. சாமி நம்மள ஊடு கொண்டாந்து சேத்துட்டாரு... நம்ம வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டுருக்காம், அண்ணன் சொல்லி வுட்டுச்சு. ரெண்டும் கிடாவாம்.” அவர் பதில் சொல்கிற நிலையில் இல்லை. அவள் நிறுத்தவில்லை. நெல் எந்த மட்டில் இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, பிள்ளை புதுச் சட்டை கேட்கிறான், எல்லாம் சொன்னாள்.

பாதி வழியில் என் முதுகில் ஒரு விரல் பட்டது.

“டைப்பு. திரும்பாத. சும்மா கேளு.” அக்காவின் வாய் என் காதருகே இருந்தது. “இவரு உசுரு போயிடுச்சு.”

திரும்பப் போன என்னை அந்த விரல் அழுத்தி நிறுத்தியது.

“தலை புடிச்சுக்கல. பஸ்ஸு தூக்கிப் போட்டப்ப புடிச்சுக்கவே இல்ல. மூச்சும் இல்ல, பாத்துட்டேன்.”

“அக்கா, கண்டக்டர்கிட்ட சொல்லிடலாம்...”

“வாய மூடு. பொணம்னு தெரிஞ்சா ஏத்திக்கினு போவாங்களா? போலீசு கேசுன்னு பயந்துக்கினு இங்கியே எறக்கி வுடுவாங்க. இந்த இருட்டுல ஒண்டிப் பொம்பள பொணத்த வச்சிக்கினு எங்க நிப்பா?”

“அந்தம்மாகிட்டயாவது...”

“சொன்னா ஓன்னு கத்துவா. கத்தினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். ஊடு போய்ச் சேரட்டும். அதுவரைக்கும் அவ ஆட்டுக்குட்டியப் பத்திப் பேசட்டும்.”

அந்தப் பெண் அப்போது மாட்டுக்கொட்டகைக்குக் கீற்று மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா குரலை மாற்றி, “ஆமாம்மா, மழைக்கு முன்னாடியே மாத்தியிருக்கணும்” என்றாள். எனக்கு உட்கார்ந்திருக்கவே முடியவில்லை. ஒருத்தியை இப்படி ஏமாற்றலாமா? தாலி கட்டின புருஷன் செத்தது பக்கத்தில் இருக்கிறவளுக்குத் தெரியாமல், வேற்று ஆளுக்குத் தெரிந்து, அதை அந்த வேற்று ஆள் மூடி வைக்கலாமா? இன்றைக்கும் எனக்கு அதற்குப் பதில் தெரியாது. ஆனால் அந்த இருட்டு ரோட்டையும் பார்த்தேன். அதனால் வாயைத் திறக்கவில்லை.

சோமாசிபாடி நெருங்கியது.

“அக்கா, உங்க ஊர் வருது. பொண்ணு காத்துக்கினு இருக்கும்.”

பின்னால் அவள் அவர் போர்வையை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது.

“எழுந்தா இவரு கவுந்துடுவாரு” என்றாள் பிறகு. “பை உன்கிட்டதானே இருக்கு? நல்ல வேளை. இவரு தோள்ல சாய்ஞ்சப்புறம் நான் அதத் தொடல. நீ எறங்கிப் போ. டீக்கடைப் பின்னாடி ரெண்டாவது ஊடு, வாசல்ல தென்னங்கீத்து கட்டியிருக்கும். கூட்டத்துல எறங்க முடியல, அம்மா வந்துக்கினு இருக்குன்னு சொல்லு. சாவுன்ற பேச்சு மட்டும் அந்த ஊட்டுல வரக்கூடாது. பூ நீயே வச்சு வுடு. நீ சுமங்கலி.”

“நானா? நான் யாருக்கா அவங்களுக்கு?”

“யாரா இருந்தா இன்னா? வச்சு வுடு.”

பஸ் நின்றது. கண்டக்டர் முன்னாலிருந்து குரல் கொடுத்தார். “தலகாணி! எறங்கலியா? ஊட்டுல விசேஷம்னு சொன்ன?”

“தூங்கறாருப்பா. நோவாளி. அவங்க ஊர் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.”

“உன்ன திருத்த முடியாது” என்று விசில் ஊதினார்.

நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். ஜன்னல் நகரும்போது பார்த்தேன். அக்கா நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் தன் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த வீட்டில் பெட்ரோமாக்ஸ் எரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா சொல்லிக்கொடுத்த பொய்யைச் சொன்னேன். அவள் புருஷன் என்னைப் பார்த்த பார்வையில் அவருக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளையின் அம்மா, “பெத்தவ இல்லாம தட்டு மாத்தறதா? எங்க ஊர்ல இப்படி நாங்க கண்டதில்ல” என்று முகத்தைத் தூக்கினாள். பெரியவர் ஒருவர், நல்ல நேரம் போய்விடும், பேச்சை விடுங்கள் என்று அவளை அடக்கினார்.

பெண் உள்ளே இருந்தாள். பட்டுப்போலப் பின்னின தலை. பூ இல்லை. அம்மா சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் கொண்டுவந்த பூவைக்கூட வைக்கவிடவில்லையாம். “எங்கம்மா எங்கேக்கா?” என்றாள். “வந்துடுவாங்கம்மா” என்று சொல்லிவிட்டு, வாழையிலையைப் பிரித்துக் கனகாம்பரத்தை எடுத்தேன். பூ நிற்கவில்லை. என் தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவிக் குத்தினேன். ‘சாமி, இந்தப் பெண் நன்றாக இருக்கட்டும்’ என்று மனசுக்குள் சொன்னேன். தட்டு மாற்றும்போதும் அம்மா இடத்தில் என்னைத்தான் நிறுத்தினார்கள். யாரென்றே தெரியாத ஒருத்தியை!

அந்தச் சம்பந்தம் நிற்கவில்லை. செஞ்சிப் பக்கத்துச் செய்தி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர எத்தனை நாளாகும்? ‘நாங்க பூ வைக்கற நேரத்துல பெத்தவ தோள்ல பொணம் கெடந்துருக்கு’ என்று தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு அதன்பிறகு வேறு இடம் அமைய வெகு காலமானது. அமைந்த இடம் நன்றாகவே அமைந்தது, அது வேறு. ஆனால் இடைப்பட்ட காலத்தில் அந்தப் பெண் தன் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். அதற்காக அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. மறுநாள் காலை இதில் ஒன்றும் எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் காலை பஸ்ஸில் சோமாசிபாடியில் அக்கா ஏறினாள். தலை ஈரம். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“ரெண்டு தடவ குளிச்சிட்டேன். பயப்படாத” என்றாள்.

“அதெல்லாம் கெடக்கட்டும். எப்பக்கா வந்தீங்க?”

“விடிஞ்ச பொறவுதான் வந்தேன். மொத பஸ்ஸுல. பொண்ணு தூங்கிக்கினு இருந்துச்சு, எழுப்பல.”

“ராத்திரியே ஒரு பஸ் திரும்பி வருமே?”

அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவர்கள் ஊர் ஸ்டாப்பிங்கில் அந்தப் பெண்ணின் அண்ணன் நின்றிருந்தாராம். தூக்கி இறக்கும்போது கண்டக்டரே ஒரு கை பிடித்து, “மெதுவா, மெதுவா. தூக்கத்துல இருக்காரு” என்றாராம். பஸ் போன பிறகு, அதன் சிவப்பு விளக்கு மறைந்த பிறகு, அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாளாம்.

“‘உன்கிட்ட ஒன்னு சொல்லணும்மா’ன்னேன். அவ என் மூஞ்சியப் பாத்தா. ‘எனக்குத் தெரியும்க்கா’ன்னா.”

“என்னது?”

“‘அவரு கையத்தானே புடிச்சிக்கினு வந்தேன், எனக்குத் தெரியாதா? சில்லுன்னு ஆயிடுச்சேக்கா. நான் அழுதா நீங்க பயந்து எழுந்துடுவீங்க, நீங்க எழுந்தா அவரு சாய்ஞ்சிடுவாரு. அதான் பேசிக்கினே வந்தேன்’னு சொன்னாடி.”

அந்த வெள்ளாட்டுக்குட்டியும், மாட்டுக்கொட்டகையும், பிள்ளையின் புதுச் சட்டையும் காதில் திரும்பத் திரும்பக் கேட்டன. ஜன்னல் வழியாக மலை கிட்டே வந்துகொண்டிருந்தது.

“அப்புறம் அழுதா பாரு, அப்படி அழுதா. ஊட்டுல கொண்டுபோய்க் கெடத்தினாங்க. ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் சுத்தி ஒக்காந்து அழுவறாங்க. அவ எம்மேல சாய்ஞ்சா. அழுதுக்கினே இருந்தா. அழுவ நின்னுடுச்சேன்னு பாத்தா, தூங்கிட்டா.” அக்கா தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “ஆஸ்பத்திரியில எத்தினி நாளு கண்ணு மூடாம இருந்தாளோ. புருசன் பொணம் எதிர்ல கெடக்குது, அவ எந்தோள்ல தூங்கறா. ‘எழுப்பும்மா, என்னா பொம்பள இவ’ன்னு ஊர்ல சொல்றாங்க. எப்படிடி எழுப்புவேன்? எழுப்பினா அவ மூஞ்சில வந்து ஒக்காரப் போறது இன்னான்னு எனக்குத் தெரியுமே. விடியற வரைக்கும் யாரையும் கிட்ட வுடல நான்.”

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பஸ் ஊருக்குள் நுழைந்தது. கோபுரம் தெரிந்ததும் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவள் போட்டுக்கொள்ளவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“பூ எப்படி இருந்துச்சு எம்பொண்ணுக்கு?”

“அழகா இருந்துச்சுக்கா. பின்னல் முழுக்க வச்சேன்.”

“வாடாம இருந்துச்சா?”

“வாடவே இல்ல.”

“எந்தக் கையால வச்சே?”

வலது கையைக் காட்டினேன். அவள் அதைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கி, மல்லாட்டைத் தூசு ஏறிய அந்த விரல்களால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வந்து எல்லாரும் இறங்கிப் போகிற வரைக்கும் விடவில்லை.